ஆடலும் பாடலும் பாலர் கல்வியும்

விளையாட்டு என்பது பாடம் முடிந்தபின் பரிசாக அளிக்கப்படுவது. பாடத்தினிடையே புகுமாயின் அஃது ஒழுங்கீனம் என்னும் எண்ணம் நெடுங்காலமாக நிலவிவருகின்றது. ஐந்தாம் வகுப்பிற் புலமைப்பரிசிற் பரீட்சை எழுதவேண்டிய பிள்ளைக்கு நான்கு வயதிலேயே எழுத்துப் பயிற்சியை முடுக்கிவிட வேண்டுமென்னும் அவா பெற்றோர் பலரிடத்துங் காணப்படுகின்றது. அந்நிலையில் முதலிற் குறைக்கப்படுவன ஆடலும் பாடலுமே. அவை கல்விக்கு இடையூறா, அன்றி அதன் முதல் வாயிலா என்பது ஆராயத்தக்கது.

மேனாட்டில் இவ்வினாவுக்கு விடைகாண முற்பட்டோருள் முதன்மையாக எண்ணத்தக்கவர் யேர்மனியரான பிரீட்றிக் புறோபல் (1782–1852). அவர் 1837இற் பிளாங்கன்பேர்க் என்னும் ஊரிற் பாலருக்கென ஒரு நிலையம் அமைத்தார். 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' எனப் பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். செடியைப் பற்றியிழுத்து வளர்த்தல் இயலாது. ஒளியும் நீரும் உதவ அது தானே வளரும். அவ்வாறே குழந்தையுந் தன் செயலாலேயே வளரும் என்பது அவர் துணிபு. பந்து, உருளை, கனசதுரம் முதலிய விளையாட்டுப் பொருள்களை வகுத்ததோடு, தாயர் குழந்தையின் கைகால்களை அசைத்துப் பாடுதற்குரிய பாடல்களையும் 1844இல் அவர் வெளியிட்டார். பிரசிய அரசோ, அவர் முறைப் பள்ளிகள் சமயத்துக்கும் அரசுக்குங் கேடு விளைப்பன என ஐயுற்று, 1851இல் அவற்றைத் தடைசெய்தது. 1860இல் அத்தடை நீங்கியபோது அவர் உயிருடன் இல்லை.

இசைக்கும் உடலசைவுக்குமுள்ள தொடர்பை நுணுகி ஆராய்ந்தவர் எமில் யாக்-தல்குறோசு (1865–1950) என்னும் சுவிற்சர்லாந்தியர். அவர் 1892இல் ஜெனீவா நகர இசைக் கல்லூரியிற் பேராசிரியரானார். ஆங்குப் பயின்ற மாணவர் இசையின் இலக்கணத்தைப் பிழையற எழுதினர். ஆயின் எழுதியதைச் செவியால் உணரும் ஆற்றல் அவரிடங் குன்றியிருந்தது. தாளத்திற் பிழைசெய்தவரும் நடக்கும்போது ஒரே சீராக அடிவைத்தமையை அவர் கண்டார். தாளம் உடலில் முன்னரே உள்ளது. அறிவு அதனை அங்கிருந்தே பெறல் வேண்டும் எனத் துணிந்து, இசைக்கேற்ப நடத்தல், ஓடல், நிற்றல், கைவீசல் ஆகியவற்றாற் பயிற்றும் ஒரு முறையை அவர் வகுத்தார். உடலால் முதலில் உணர்ந்ததற்குப் பின்னரே பெயரும் குறியீடுங் கற்பித்தல் அம்முறையின் உயிர்நிலை.

இக்கருத்துத் தமிழர்க்குப் புதிதன்று. எழுத்தின் ஒலியளவாகிய மாத்திரையைக் கூறப்புகுந்த தொல்காப்பியர், இயல்பாகக் கண்ணிமைக்கும் பொழுதையும் கைநொடிக்கும் பொழுதையுமே அதற்கு அளவாகக் கொண்டார். குற்றெழுத்துக்கு ஒரு மாத்திரை, நெட்டெழுத்துக்கு இரண்டு என்னும் விதியைப் பாலர்க்குச் சொல்லால் விளக்குதல் அரிது. குறிலுக்கு ஓர் அடியும், நெடிலுக்கு நீண்ட இரண்டு அடியும் வைத்து நடக்கச் செய்தாற் கல்லுக்குங் காலுக்கும், பல்லுக்கும் பாலுக்கும், படுவுக்கும் பாடுவுக்குமுள்ள வேறுபாடு காலிலேயே புலப்படும். தாளவுணர்வின் குறைபாடும் வாசிப்பின் இடர்ப்பாடும் பிள்ளைகள் பலரிடத்து ஒருங்கே காணப்படுவதைக் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்து உஷா கோசுவாமி முதலியோர் அண்மைக் காலத்தில் ஆராய்ந்து காட்டியுள்ளமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

எண்ணறிவுக்கும் இதுவே வழி. 'தகிட' என மூன்றுந் 'தகதிமி' என நான்குங் கைதட்டிச் சொல்லும் பிள்ளை, இரண்டையுஞ் சேர்த்துச் சொல்லுகையில் ஏழினைச் செவியாலும் கையாலும் பெறுகின்றது. சிறுமியர் ஐந்து கற்கொண்டு கொக்கான் வெட்டும்போது, ஒன்றை மேலெறிந்து, எஞ்சிய நான்கினையும் ஒவ்வொன்றாகவும், இவ்விரண்டாகவும், மூன்றும் ஒன்றுமாகவும், நான்கும் ஒருங்கேயும் அள்ளுவர். நான்கு என்னும் எண்ணைப் பகுக்கும் வகைகள் பல அவ்விளையாட்டில் அடங்கியுள்ளன. கரும்பலகையில் எழுதுமுன்னரே கை அவற்றைக் கற்றுவிடுகின்றது.

அறிவோடு ஒழுக்கமும் இவ்வழியே வளரும். கும்மியில் ஒருவர் கை முந்தினும் பிந்தினும் ஆட்டங் குலையும். ஆதலிற் பிறரை நோக்கித் தன்னை அடக்கும் பயிற்சி அதில் அமைகின்றது. பாட்டு நின்றவுடன் அசையாது நிற்கும் விளையாட்டிலும் இப்பயிற்சியே உண்டு. தனித்துப் பேச நாணும் பிள்ளையும் பலரோடு சேர்ந்து பாடுகையில் வாய்திறக்கும். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) இயற்றிய 'ஆடிப்பிறப்பு', 'கத்தரி வெருளி' போன்ற பாடல்கள் ஈழத்துப் பாலர் நாவில் நிலைத்தமைக்குக் காரணமும், அவை பாடவும் நடிக்கவும் ஏற்றவாறு அமைந்தமையே. பிள்ளைத்தமிழ் நூல்களோ குழந்தையின் வளர்ச்சியையே செங்கீரை, சப்பாணி, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என விளையாட்டுக்களால் அளந்தன.

எனினும் இருவகைத் தவறுகளை ஆசிரியர் நீக்குதல் வேண்டும். மனனஞ் செய்விக்கும் பாடத்துக்கு மெட்டொன்று பூட்டிவிடுதல் விளையாட்டாகாது. அது பழைய சுமைக்குப் புதிய போர்வையே. விழாமேடைக்காகச் சிலரை மட்டுந் தெரிந்து பல நாட் பழக்குதலும் பாலர் கல்வியாகாது. தாளந் தவறும் பிள்ளைக்கே அப்பயிற்சி மிகுதியும் வேண்டப்படுவது. பிள்ளை தானே ஓர் அசைவைப் புனையவும், விதியை மாற்றவும், பிழைத்து மீளவும் இடம் பெறுமாயின், அதுவே உண்மை விளையாட்டு.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. இரு கைகளும், ஒரு மரநிழலும், நாள்தோறும் அரைமணி நேரமும் போதும். அவ்வரைமணி நேரம் எழுத்துக்கும் எண்ணுக்கும் உரிய காலத்தைக் கவர்வதன்று. அவை வேரூன்றும் நிலத்தைப் பண்படுத்துவதே. பண்படாத நிலத்தில் விரைந்து விதைத்தோர் விளைவு காணார் என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் உணர்தல் நன்று.