கரடியிடம் மரம் ஏறித் தப்ப முடியுமா?

இரண்டு நண்பர்கள் காட்டு வழியே போனார்கள். எதிரே ஒரு கரடி வந்தது. ஒருவன் மரத்தில் ஏறிக்கொண்டான். மற்றவன் மூச்சை அடக்கிக்கொண்டு பிணம்போல் படுத்துவிட்டான். கரடி அவனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்த கதை இது. நட்புக்கு நல்ல பாடம்தான். ஆனால், கரடியைப் பற்றி அது சொல்வது சரியா?

வால்பாறையிலும் கோத்தகிரியிலும் சத்தியமங்கலம் காட்டு ஓரத்திலும் வாழ்கிறவர்களுக்கு இது வெறும் கதை அல்ல. தேயிலை பறிக்கப் போகும் பெண்களுக்கும், ஆடு மாடு மேய்க்கப் போகிறவர்களுக்கும் இது உயிர்ப் பிரச்சினை!

உலகில் எட்டு வகை

உலகத்தில் எட்டு வகைக் கரடிகள் இருக்கின்றன. அவற்றில் பெரியது, வட துருவப் பனியில் வாழும் பனிக்கரடி. ஆண் பனிக்கரடி 600 கிலோவுக்கு மேலும் எடை இருக்கும். சீல் என்னும் கடல் பிராணிதான் அதன் முக்கிய உணவு. மிகச் சிறியது சூரியக் கரடி. அதன் எடை 65 கிலோவைத் தாண்டுவது அரிது.

சீனாவில் உள்ள பாண்டாவும் கரடி இனம்தான். பிறந்தது கரடிக் குலத்தில், தின்பதோ மூங்கில்! தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் ஒரு கரடி இருக்கிறது. கண்ணைச் சுற்றி வெளிர் நிற வளையம் இருப்பதால், அதற்கு "மூக்குக் கண்ணாடிக் கரடி" என்று பெயர். அமெரிக்கக் கருங்கரடி, ஆசியக் கருங்கரடி, பழுப்புக் கரடி ஆகியவை மற்ற மூன்று வகைகள். எட்டாவது, நம் ஊர்க் கரடி.

இந்தியாவில் நான்கு வகைகள் உண்டு. பழுப்புக் கரடியும் ஆசியக் கருங்கரடியும் இமயமலைப் பக்கம் இருக்கின்றன. சூரியக் கரடி வடகிழக்கு மாநிலங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் காடுகளில் இருப்பது ஒரே வகைதான். சடை சடையாகக் கறுப்பு மயிர், மார்பில் வெள்ளைக் கோடு, விரல் நீளத்துக்கு வளைந்த நகங்கள். அதுதான் நம் கரடி.

பெயரால் வந்த அவப்பெயர்

இந்தக் கரடிக்கு ஆங்கிலத்தில் "ஸ்லாத்" கரடி என்று பெயர். ஸ்லாத் என்பது, தென் அமெரிக்காவில் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கும் ஒரு சோம்பேறிப் பிராணி. நம் கரடியின் நீண்ட நகங்களைப் பார்த்துவிட்டு, ஜார்ஜ் ஷா என்ற ஆங்கில விஞ்ஞானி, "இதுவும் ஸ்லாத்தான்" என்று 1791-ஆம் ஆண்டு எழுதிவிட்டார். பிறகு தவறு தெரிந்தது. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது.

உண்மையில் இது சோம்பேறி அல்ல. மனிதனைவிட வேகமாக ஓடும். மரமும் ஏறும்! ஆகவே, கதையில் மரம் ஏறிய நண்பனும் தப்பியிருக்க முடியாது.

கறையான்தான் விருந்து

நம் கரடிக்குப் பிடித்த உணவு கறையான். புற்றை நகத்தால் பறிக்கும். வாயை வைத்து மண்ணை ஊதித் தள்ளும். பிறகு கறையானை "சர்" என்று உறிஞ்சும். மேல் வரிசையில் நடுப்பற்கள் இரண்டு கிடையாது. அந்தச் சந்து வழியாகத்தான் கறையான் உள்ளே போகிறது. மூக்கில் மண் புகாதபடி, மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளவும் அதற்குத் தெரியும்!

எறும்பு, தேன், நாவல், இலந்தை, கொன்றைக் காய் எல்லாவற்றையும் தின்னும். நீலகிரியில் கோவில்களுக்குள் புகுந்து, விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனதும் உண்டு. "சிவபூஜையில் கரடி" என்ற பழமொழி அங்கே மெய்யாகிவிட்டது!

ஆனால், மனிதனைத் தின்பதற்காக அது வருவதில்லை.

பிறகு ஏன் தாக்குகிறது?

பயந்துதான் தாக்குகிறது. கரடிக்கு மோப்பம் அதிகம். கண் பார்வை குறைவு. புற்றில் வாய் வைத்து உறிஞ்சும்போது, அந்தச் சத்தத்தில் ஆள் வருவது அதற்குக் கேட்பதில்லை. திடீரென்று பக்கத்தில் மனிதனைக் கண்டால் திகைக்கிறது. ஓடுவதற்குப் பதிலாகப் பாய்கிறது. புலி வாழும் காட்டில், எதிர்த்து நின்றுதான் அது பிழைத்து வந்திருக்கிறது.

குட்டியுடன் இருக்கும் தாயிடம் இன்னும் கவனம் தேவை. நம் கரடி குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு திரியும். முதுகுச் சடையைப் பிடித்துக்கொண்டு குட்டிகள் சவாரி செய்யும். அந்த நேரத்தில் யார் எதிர்ப்பட்டாலும் தாய்க்கு எதிரிதான்.

என்ன செய்ய வேண்டும்?

காட்டு வழியில் தனியாகப் போகக் கூடாது. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் போகாமல் இருப்பது நல்லது. போகத்தான் வேண்டும் என்றால், பேசிக்கொண்டே போக வேண்டும். கையில் டார்ச் விளக்கு வேண்டும். சத்தம் கேட்டால் கரடியே விலகிவிடும். வீட்டுப் பக்கம் எச்சில் உணவையும் அழுகிய பழத்தையும் கொட்டக் கூடாது.

தூரத்தில் கரடியைக் கண்டால் ஓடாதீர்கள். கல் எறியாதீர்கள். மெல்லப் பின்னால் நகருங்கள். மேலே பாய்ந்துவிட்டால், குப்புறப் படுத்து, பின்கழுத்தைக் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். கதையில் படுத்துக்கொண்ட நண்பன்தான் புத்திசாலி!

மூக்கணாங்கயிறு போன கதை

ஒரு காலத்தில் கரடி வித்தைக்காரர்கள் ஊர் ஊராக வருவார்கள். மூக்கைத் துளைத்துக் கயிறு போட்ட கரடி, தடிக்குப் பயந்து ஆடும். பயம் தெளியட்டும் என்று குழந்தைகளை அதன் முதுகில் உட்கார வைப்பார்கள். அதன் மயிரைத் தாயத்தில் அடைத்துக் கட்டுவார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கரடியை வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாது என்று 1998-இல் மத்திய அரசு தடை போட்டது. அந்தக் கொடுமை ஒழிந்தது.

அன்று நம் வாசலுக்குக் கரடியை இழுத்து வந்தோம். இன்று அதன் வாசலில் நாம் நிற்கிறோம். தேயிலைத் தோட்டமும் வீடும் சாலையும் காட்டின் ஓரம்வரை போய்விட்டன. பிறர் வீட்டுக்குள் நுழையும்போது, வாசலில் நின்று குரல் கொடுப்பது நம் பழக்கம் அல்லவா? காட்டு வழியிலும் அதே மரியாதையைக் காட்டினால் போதும். கரடியும் பிழைக்கும், நாமும் பிழைப்போம்!