கரிசல் மண்ணும் கரியின் கணக்கும்

கோவில்பட்டிக்கு மேற்கே, முன்பு சங்கரன்கோவில் வட்டத்தில் அடங்கியிருந்த இளையரசனேந்தல் சுற்றுவட்டாரம் மானாவாரிக் கரிசல் பூமியாகும். பருத்தியும் உளுந்தும் பாசியும் சோளமும் விளையும் இக்கரிசற்சீமையில், தரிசுகளையும் ஓடைக்கரைகளையும் வேலிக்கருவை எனப்படும் சீமைக் கருவேல மரங்கள் மூடி நிற்கின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் ஏழைகள் பலருக்குக் கஞ்சி வார்ப்பது, அம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் தொழிலே. புவி வெப்பமடைவதைக் குறித்து நம் பிரசங்க மேடைகளில் இன்று அடிக்கடி பேசுகிறோம். அவ்வாறு பேசுகையில், மூட்டத்துப் புகையையும் அனல்மின் நிலையத்துப் புகையையும் ஒரே தராசில் வைத்துக் கண்டித்தல் முறையாகுமா? இவ்வினாவுக்கு விடை காண, கரி என்னும் தனிமம் இயற்கையில் எவ்வாறு நடமாடுகிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

கரியின் இரு வழிகள்

காற்றிலுள்ள கரியமில வாயுவை இலைகள் உள்வாங்கி, கதிரவன் ஒளியின் துணையால் அதிலுள்ள கரியைத் தண்டாகவும் வேராகவும் விதையாகவும் ஆக்குகின்றன. அவற்றை உண்ணும் நாமும் நம் கால்நடைகளும் மூச்சு விடுகையில் அக்கரி காற்றுக்கே மீள்கிறது. இலை மட்கும்போதும் விறகு எரியும்போதும் நிகழ்வது அதுவே. சில திங்கள்களிலோ சில பத்தாண்டுகளிலோ முடிந்துவிடும் குறுஞ்சுற்று இது. மூட்டத்தில் வேகும் கருவேல மரத்தின் கரி, அம்மரம் வளர்ந்த சில ஆண்டுகளில் காற்றிலிருந்து பெற்றதேயாகும். வெட்டிய தூர் மீண்டும் தழைக்கையில் அக்கரியை அது திரும்பப் பெற்றுக்கொள்ளுகிறது. மூட்டத்துப் புகை தீங்கற்றது என்று நாம் கூறவில்லை. அதில் மீத்தேனும் வேறு நச்சு வாயுக்களும் உண்டு. தொழிலாளரின் நெஞ்சையும் கண்ணையும் அது கெடுக்கிறது. எனினும் காற்றின் கரிக்கணக்கில் அது பெரும்பாலும் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் செயலே.

நிலக்கரியின் வழி வேறு. நம் நாட்டின் கிழக்குப் பகுதிச் சுரங்கங்களிலுள்ள நிலக்கரி, 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு சதுப்பு நிலங்களில் புதைந்த தாவரங்களின் எச்சமாகும். 1979-ஆம் ஆண்டு மின் உற்பத்தியைத் தொடங்கி, 210 மெகாவாட் கொண்ட ஐந்து அலகுகளாக வளர்ந்த தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு, அந்நிலக்கரி கப்பல்களில் வந்து சேர்ந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமியின் களஞ்சியத்தில் பூட்டப்பட்டிருந்த கரியை ஒரு தலைமுறைக்குள் காற்றில் விடுகிறோம். அதைத் திரும்பப் புதைக்கும் இயற்கைச் செயல் மிக மெதுவானது.

நிரம்பி வழியும் பாத்திரம்

தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றின் பத்து இலட்சம் பங்கில் கரியமில வாயு ஏறத்தாழ 280 பங்காக இருந்தது. 1958-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவில் அளவெடுக்கத் தொடங்கியபோது அது ஏறத்தாழ 315. இன்று 420-ஐக் கடந்துவிட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றால் உலகம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. மாந்தர் செயலால் வெளியாகும் இவ்வாயுவில் ஏறத்தாழப் பாதி காற்றிலேயே தங்க, ஏனையதைக் கடலும் நிலத்துத் தாவரங்களும் ஏற்கின்றன. ஏற்கும் கடல் அதற்கு விலையும் கொடுக்கிறது. அதன் நீர் அமிலத்தன்மையை நோக்கி நகர்வதால், பவளங்கள் சுண்ணாம்புக் கூடு கட்டுவது கடினமாகிறது. வெப்பமும் சேர்ந்து தாக்குகையில் பவளங்கள் வெளுக்கின்றன. மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறு வெளுத்தன.

மண்ணும் ஒரு களஞ்சியமே. ஆனால் கரிசலின் கருமையைக் கண்டு அங்கே கரி மிகுந்துள்ளது என எண்ணலாகாது. களிமண்ணோடு மட்கு பிணைந்து நிற்பதாலும் தாதுப்பொருள்களாலும் வந்த நிறம் அது. மட்குக் கரி பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவே. தொழு உரமும் கண்மாய் வண்டலும் இடுவது குறைந்து, கடும் வெயிலில் மண் வெறுமையாய்க் கிடக்கும்போது அச்சிறு இருப்பும் கரைகிறது.

தடுக்கும் முயற்சிகள்

1997-இல் கியோட்டோவில் உருவாகி 2005-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, தொழில் வளம் பெற்ற நாடுகளுக்கு வெளியீட்டு வரம்பு விதித்தது. அந்நாடுகள், ஏழை நாடுகளில் தவிர்க்கப்படும் வெளியீட்டை விலைக்கு வாங்கித் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் அது இடமளித்தது. தென் தமிழகத்தின் காற்றாலைத் திட்டங்கள் பல இவ்வழியில் பதிவு பெற்றன. செங்கோட்டைக் கணவாய் வழி வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மின்சாரமாவது நன்றே. ஆயினும், பணம் செலுத்தியவர் தம் புகையைக் குறைக்காமலே கடன் தீர்ந்ததாகக் கருதும் இம்முறை, 1517-இல் மார்ட்டின் லூத்தர் எதிர்த்த பாவமன்னிப்புச் சீட்டு வாணிகத்தை நமக்கு நினைவூட்டாமல் இராது.

தூத்துக்குடியில் மற்றொரு முயற்சியும் நடந்தது. சோடா உப்பு தயாரிக்கும் இரசாயன ஆலை ஒன்று, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் திட்டத்தை, அரசு மானியமின்றி 2016-இல் தொடங்கியது. உப்பும் அம்மோனியாவும் அவ்வாயுவும் சேர்ந்து சோடா உப்பாகின்றன. பாராட்டத்தக்க திறமை இது. ஆனால் அந்தச் சோடா உப்பு கண்ணாடி உலையில் உருகும்போது அதே வாயு மீண்டும் வெளிப்படுகிறது. கரியைப் பயன்படுத்துவது ஒன்று. நெடுங்காலம் பூட்டிவைப்பது மற்றொன்று.

2015-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை, வெப்ப உயர்வை 2 பாகைக்கு மிகக் கீழே நிறுத்தவும், 1.5 பாகைக்குள் அடக்க முயலவும் இசைந்தது. 2070-க்குள் நிகர வெளியீட்டைச் சுழியாக்குவோம் என இந்தியா 2021-இல் அறிவித்தது. இந்தியர் ஒருவரின் ஆண்டு வெளியீடு ஏறத்தாழ 2 டன். அமெரிக்கர் ஒருவருடையதோ அதனினும் ஆறேழு மடங்கு.

திருச்சபையின் கடமை

லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் நிலத்தின் ஓய்வையும் கடன்பட்டோர் விடுதலையையும் ஒருங்கே வைத்துப் பேசுகிறது. 1983-இல் வான்கூவரில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றப் பேரவையும் நீதி, சமாதானம், படைப்பின் முழுமை ஆகிய மூன்றையும் பிரிக்காது இணைத்தது. அவ்வாறெனில், மனந்திரும்புதலைப் பிரசங்கிக்கும் நாம் கடனாளி யார் என்பதைச் சரியாக அறிந்து பேச வேண்டும். கரிமூட்டத் தொழிலாளியிடம் அவருடைய உடல்நலத்தையும் நியாயமான கூலியையும் குறித்துப் பேசுவோமாக. பூமியின் களஞ்சியத்தை உடைத்த குற்றத்தை அவர் தலையில் ஏற்றலாகாது.

அக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. அசனப் பண்டிகையில் சோறு வேகும் விறகு குறுஞ்சுற்றைச் சேர்ந்தது. அன்றிரவு முழுதும் அலங்கார விளக்குகளுக்காக ஓடும் டீசல் இயந்திரமோ களஞ்சியத்தை உடைப்பது. நம் ஆலயங்களும் பள்ளிகளும் தத்தம் மின்செலவை ஆண்டுதோறும் சபைக் கணக்கோடு வாசிக்கலாம். கூரைகளில் கதிரொளித் தகடுகள் அமைக்கலாம். திருச்சபைக்குக் கரிசல் நிலம் இருக்குமாயின், பயிர்த் தாளைக் கொளுத்தாமல் மடக்கி உழுது, தொழு உரமும் வண்டலும் இட்டு, ஓரங்களில் பனை நடலாம். இவற்றால் உலகின் கணக்கு நேராகிவிடாது என்பதை அறிவோம். ஆயினும், தன் கணக்கைத் திறந்து காட்டும் சபையே ஆலை முதலாளியிடமும் ஆட்சியாளரிடமும் கணக்குக் கேட்கும் தகுதி பெறும்.