அகற்றிய திசு கூறும் செய்தி
தோல் தூசி மூக்குக் குழியில் புற்றுநோய் உண்டாக்கவல்லது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. இந்நோய் அரிதே. எனினும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்கூடங்களில் பல்லாண்டு உழைத்தோர், ஒருபக்க மூக்கடைப்போ இரத்தக்கசிவோ நீடித்தால், தம் தொழிலையும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

ஐயத்திற்குரிய இடத்தில் சிறு திசுவை எடுக்கிறோம். பச்சைத் தோல் அழுகாதிருக்கப் பதனிடுவது போன்றே, அதனை ஃபார்மலினில் இட்டுக் காக்கிறோம். மெழுகில் பதித்து, தலைமுடியினும் மெல்லிய, 3 முதல் 5 மைக்ரான் சீவல்களாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஆராய்கிறோம்.

நோய் உறுதியாகிக் கட்டியை அகற்றிய பின்னர், விளிம்புத் திசுவையும் இவ்வாறே காண்கிறோம். அங்குப் புற்றுநோய்ச் செல்கள் இருப்பின், புண் நன்கு ஆறியிருந்தாலும், மேற்கொண்டு சிகிச்சை தேவைப்படலாம். ஆகவே, விளிம்பு பற்றித் திசு ஆய்வு அறிக்கை யாது கூறுகிறது எனக் கேட்டறியுங்கள், அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.