பனையும் ஒரு புல்

தமிழ்ப் பண்டிதனுக்குத் தாவரநூலிலே என்ன அலுவல் என்று வினவுவோர் உளர். அவர்கட்கு விடையாக, யான் செய்த பிழையொன்றையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

யாழ்ப்பாணத் தீவகத்திலே, வேலணைப் பகுதியில், எம் முன்னோர் விட்டுச்சென்ற சிறு பனங்கூடல் ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம். மழை கண்டு மாதங்கள் பல கழிந்திருந்தன. சோளகம் ஓயாது வீசிக்கொண்டிருந்தது. அயற்காணியிற் குப்பைக்கு இட்ட நெருப்பு காய்ந்த புல்லிலே பற்றிப் பனங்கூடலுக்குட் புகுந்துவிட்டது. மறுநாட் காலையில் யான் சென்று கண்டவை கரிய தூண்களே. ஓலைகளில் மருந்துக்கும் பச்சை இல்லை. வேலியில் நின்ற பூவரசுகளும் கருகிக் கிடந்தன.

‘செத்த மரத்தை நிறுத்தி வைப்பானேன்?’ என்று எண்ணினேன். உரிய அனுமதி பெற்றுப் பன்னிரண்டு பனைகளைத் தறிப்பித்தேன். தறிப்போர்க்கு வேறிடத்தில் வேலை வந்தமையால் எஞ்சியவை தப்பின. புரட்டாதி முடிவதற்குள், தப்பிய பனைகளின் உச்சியிலே வெண்பச்சைக் குருத்துகள் வாள்போல நிமிர்ந்து நின்றன.

அவ்வழியே வந்த முதிய சீவற்றொழிலாளர் ஒருவர் அடிமரங்களையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். “ஏன் ஐயா தறிப்பிச்சனீங்கள்? குருத்துச் சாகேல்லையே” என்றார். யான் மறுமொழி கூறவில்லை. கூறுதற்கு என்ன இருந்தது?

என்னை வருத்தியது பன்னிரண்டு மரங்களின் இழப்பு மட்டுமன்று. போர்க்காலத்திலே வடபுலத்திற் பல இலட்சம் பனைகள் அழிந்தன. எஞ்சியவற்றுள் பன்னிரண்டை என் அறியாமை கொண்டுசென்றது என்பது ஒன்று. அவ்வறியாமைக்குச் சாக்குச் சொல்ல எனக்கு வழியில்லை என்பது மற்றொன்று. ஏனெனில், அப்பனைகள் ஏன் சாகா என்பதற்கான குறிப்பை ஆண்டுதோறும் வகுப்பிலே ஓதி வந்தவன் யானே.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதியியலாகிய மரபியலை மாணவர் அறிவர். வைரத்தைப் புறத்தே உடையவற்றைப் புல் என்றும், அகத்தே உடையவற்றை மரம் என்றும் ஆசிரியர் வகுக்கின்றார். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை முதலிய பெயர்களைப் புல்லின் உறுப்புகளுக்கு உரியனவாக்குகின்றார். ஆகவே நாம் பனைமரம் என்று வழங்கினும், இலக்கணத்தின்படி பனை புல்லினமே. தேர்விலே இவ்வினா வந்தால் முழுப்புள்ளி பெறுமாறு மாணவரைப் பயிற்றியிருக்கின்றேன். ஆனால் அந்நூற்பாவைக் கையிலெடுத்துக்கொண்டு ஒரு பனையின் முன் யான் ஒருநாளும் நின்றதில்லை.

இன்றைய தாவரநூலும் புல்லையும் பனையையும் ஒருவித்திலைத் தாவரம் என்னும் ஒரே பெருங்குழுவில் அடக்குகின்றது. பூவரசு போன்ற மரங்களிலே பட்டையின் கீழ் மெல்லிய வளர்படை உண்டு. நெருப்பு அதனைச் சுற்றிவர வேகச்செய்தால் அத்தண்டு மடியும். பனைக்கு அத்தகைய வளர்படை இல்லை. நீரும் உணவும் செல்லும் குழாய்கள் தண்டினுள்ளே எங்கும் சிதறிக் கிடக்கின்றன. புறத்துள்ள வைரம் கவசமாக நின்று கனலைத் தாங்குகின்றது. உயிர்நிலை உச்சியிலுள்ள ஒரே குருத்தில். அது மடல்களின் நடுவே பொதிந்து கிடக்கும்வரை, மேனி கரியானாலும் பனை பனையே. வட ஆஸ்திரேலியாவிலே அடிக்கடி தீப்பற்றும் புல்வெளிகளில் லிவிஸ்டோனா என்னும் பனையினங்கள் பிழைத்து நிற்பதும் இவ்வாறே. பண்டையோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதல் என் கருத்தன்று. அவர்கள் மரத்தை வெட்டிப் பார்த்து, வைரம் எங்குள்ளதென்று கண்டு, பின்னரே பெயரிட்டனர். யான் பெயரை மட்டும் கற்றேன்.

எனினும் எல்லாப் பனையும் தப்புவதில்லை. வடலிகளிற் காவோலை அடிமுதல் தொங்குமாயின், அதுவே நெருப்புக்கு ஏணியாகிக் குருத்தைச் சுடும். முன்னாளில் வேலிக்கும் கூரைக்கும் அடுப்புக்குமாகக் காவோலையை ஆண்டுதோறும் வெட்டினர், பனையும் காக்கப்பட்டது. இன்று மதிலும் ஓடும் எரிவாயுவும் வந்தமையால் காவோலை மரத்திலேயே கிடக்கின்றது.

அவ்வாண்டு தொடங்கி யானும் மாணவர் சிலரும் பருவந்தோறும் அப்பனங்கூடலுக்குச் செல்கின்றோம். ஆவணி, புரட்டாதியில் விழுந்த பழங்களின் விதைகளைச் சேர்க்கின்றோம். ஐப்பசி மழை மண்ணை நனைத்தபின் அவற்றைப் புதைக்கின்றோம். மழை ஓய்ந்தபின் வடலிகளின் காவோலையைக் களைந்து அப்புறப்படுத்துகின்றோம்.

முதலாண்டு மார்கழியில் மாணவன் ஒருவன், “சேர், ஒண்டும் முளைக்கேல்லையே” என்று முகம் வாடினான். இம்முறை யான் அவசரப்படவில்லை. ஓரிடத்தை மட்டும் மெல்லத் தோண்டச் செய்தேன். விதையிலிருந்து வெண்மையான தண்டொன்று நேரே கீழ்நோக்கி இறங்கியிருந்தது. அதன் முனையிலேதான் கிழங்கும் குருத்தும் உருவாகின்றன. பனங்கிழங்கு தின்று வளர்ந்த எமக்கு இது புதுமையன்று. ஆயினும் அதன் பயனை அன்றுதான் சிந்தித்தோம். நிலத்தின் மேலே ஓரிலை காட்டுமுன் பனை தன் உயிரைத் தீ எட்டா ஆழத்திலே வைத்துக்கொள்கின்றது. பிற்பாடு கால்நடை மேய்ந்தாலும், புல் எரிந்தாலும், இளங்கன்று மீண்டும் ஓலைவிடுவது இதனாலேயே. முருகைக்கல் மேலே தெரியும் நெடுந்தீவு போன்ற இடங்களில் மண்ணின் ஆழம் பார்த்தே விதை ஊன்றவேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

புதைத்தவற்றுள் எது ஆண்பனை, எது பெண்பனை என்பது பாளை வரும்வரை தெரியாது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளோ, அதனினும் மிகையோ செல்லும். ஐம்பதைக் கடந்த யான் அதனைக் காண்பேனோ, அறியேன். அந்த மாணவன் காண்பான்.

தறித்த பன்னிரண்டின் அடிமரங்களை யான் அகற்றவில்லை. மரபியல் கற்பிக்கும் நாளில் வகுப்பை அங்கே அழைத்துச் செல்கின்றேன். புறத்தே கரிய வைரத்தையும் அகத்தே மென்மையான சோற்றையும் மாணவர் விரலாலே தடவிப் பார்க்கின்றனர். நூற்பாவை அதன் பின்னரே சொல்கின்றேன்.