பொன்னாடை எட்டாத தெரு

எல்லையோர ஊர்கள் – 17

சென்ற வாரம் செங்கம் கணவாயில், 1767-ல், ஹைதர் அலியின் குதிரைப் படைக்கும் கர்னல் ஸ்மித்தின் பட்டாளத்துக்கும் நடுவில் நின்றோம். அதே சாலையில் இந்த வாரம் கையில் பி.பி. மெஷினும் தோளில் பையுமாக நடக்கிற பெண்களோடு போகப்போகிறோம். சண்டை பார்க்க வந்த வாசகர்கள் கோபிக்க வேண்டாம். இதிலும் சண்டை உண்டு.

கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் போகிற நெடுஞ்சாலையில், ஊத்தங்கரை தாண்டி, திருவண்ணாமலை மாவட்டத்துக்குள் நுழையுமுன் வருவது சிங்காரப்பேட்டை. ஒரு பக்கம் ஜவ்வாது மலை. பையன்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து தலைகாட்டுவார்கள். மிச்ச நாளெல்லாம் வீட்டில் இருப்பது அம்மாவும் அப்பாவும், அவர்களுடைய சுகரும் பிரஷரும்தான்.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சூளகிரி பக்கம் சாமனப்பள்ளி என்ற கிராமத்தில்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். சென்னையில் மேடை போட்டிருக்கலாம். மாநிலத்தின் ஓரத்துக்கு வந்து தொடங்கியது எனக்குப் பிடித்திருந்தது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து, வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கவும், விரல் நுனியில் குத்தி சுகர் பார்க்கவும், மாத்திரையை வாசலிலேயே கொடுக்கவும் பழக்கினார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நர்சும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருவார்கள். 2024 செப்டம்பரில் தொற்றா நோய்களுக்கான ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு இந்தத் திட்டத்துக்கு விருது கொடுத்தது.

விருது நியூயார்க்கிலிருந்து வந்தது. வேலை நடக்கிற இடம் எப்படியிருக்கும் என்று பார்த்துவிடுவோம். நூறு நாள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஆட்களைப் பிடிக்க வேண்டும் என்பதால் காலை ஏழு மணிக்கே இந்த வேலைக்குத் தேர்வான பெண் ஒருவர் தெருவுக்கு வந்துவிடுகிறார். திண்ணையில் உட்கார்ந்து மூதாட்டியின் கையில் பட்டையைச் சுற்றுகிறார். மெஷின் உறுமி, காற்றை விட்டு, எண்ணைக் காட்டுகிறது. எண் சரியில்லை.

“மாத்திரை போடறீங்களா, பெரீம்மா?”

“போட்டுக்கினுதான் இருக்கேன்.”

அந்தப் பெண் மறுபேச்சு பேசவில்லை. “அட்டையை எடுத்தாங்க” என்கிறார். சாமி மாடத்திலிருந்து மாத்திரை அட்டை வருகிறது. இந்தத் தேதிக்குக் காலியாகியிருக்க வேண்டிய அட்டையில் ஒரு வரிசை முழுசாக அப்படியே இருக்கிறது. அதட்டல் கிடையாது. ஏன் போடவில்லை என்றும் கேட்கவில்லை. “காலையில டீ குடிக்கறப்போ போட்டுடுங்க. அட்டையை டீத்தூள் பக்கத்துல வைங்க” என்று சொல்லி, தானே எழுந்துபோய் அடுப்படியில் வைத்துவிட்டு வருகிறார். நோட்டில் எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த வீடு.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு இந்த அட்டையைப் பார்க்க வாய்ப்பே இல்லை. அவர் ‘மருந்து கேட்கவில்லை’ என்று நினைத்து வீரியமான மாத்திரையை எழுதிவிடுவார். பிரஷருக்கு வலி கிடையாது. வலி இல்லாத நோய்க்கு ஆயுசு முழுக்க மாத்திரை போடச் சொன்னால் எந்த ஊரிலும் பாதிப் பேர் பாதியில் விடுவார்கள். அதுவும், அரை நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்று வாங்க வேண்டும் என்றால் கேட்கவே வேண்டாம். 2020-ல் தொற்றா நோய்கள் பற்றித் தமிழ்நாட்டில் எடுத்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில், பிரஷர் இருப்பவர்களில் நூற்றுக்கு 7.3 பேருக்கும் சுகர் இருப்பவர்களில் 10.8 பேருக்கும்தான் அது கட்டுக்குள் இருந்தது. இலவச மாத்திரையும் டாக்டரும் இருந்தபோதே இந்த நிலை. அடுத்த முறை எடுத்தபோது அது 17 ஆகவும் 16.7 ஆகவும் ஏறியது. கைதட்டலாம். ஆனால் இன்னும் 83 பேருக்குக் கட்டுப்படவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

இந்தப் பெண்களுக்குத் தொடக்கத்தில் வைத்த ஊக்கத்தொகை மாதம் 4,500 ரூபாய். பணி நிரந்தரம் கிடையாது. தன்னார்வலர் என்று பெயர். தன்னார்வத்துக்கு வாரம் முழுக்க வேலை.

இவர்களுக்கு முன்னால் இந்தத் தெருவில் நடந்தவர் நர்சம்மா. அரசுக் காகிதத்தில் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. அதற்கு ஒரு நர்சம்மா. கர்ப்பிணிகளைப் பதிவது, தடுப்பூசி போடுவது, பிறப்பு இறப்பு பார்ப்பது எல்லாம் அவர் தலையில்தான். நர்சம்மாக்கள் செய்த ஒரு காரியத்துக்கு யாரும் சால்வை போர்த்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயமே.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். அதற்கு முன் சிங்காரப்பேட்டை தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 1990-களில் சேலம், தருமபுரி, மதுரை என்றாலே பத்திரிகைகளில் பெண் சிசுக்கொலைதான் செய்தி. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் வந்தது. பிரச்சினை எவ்வளவு பெரியது என்று அரசுக்குத் தெரிந்தது எப்படி? போலீஸ் வழக்குகளிலிருந்து அல்ல, வழக்குகள் மிகக் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளிலிருந்துதான். குழந்தை இறப்புக்கான காரணத்தை எழுதும் கட்டத்தில் நிமோனியா, எடைக் குறைவு, வயிற்றுப்போக்கு என்று வருகிற இடத்தில், ‘சமூகக் காரணங்கள்’ என்று எழுதப்பட்டிருந்தது. நல்ல எடையில் பிறந்த பெண் குழந்தை, அதுவும் இரண்டாவது அல்லது மூன்றாவது பெண், பிறந்த சில நாட்களுக்குள் இறந்துபோனால் அதை எப்படி எழுதுவது? ‘காய்ச்சல்’ என்று எழுதிவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை. அடுத்த வாரமும் அதே வீட்டு வாசலை மிதிக்க வேண்டியவர், அந்த ஊரிலேயே குடியிருப்பவர், இரவு பிரசவத்துக்குக் கூப்பிட்டால் தனியாகப் போக வேண்டியவர் நர்சம்மா. அந்தக் கட்டத்தில் உண்மையை எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் இந்தப் பதிவேடுகளை அடிப்படையாக வைத்துத்தான் சிசுக்கொலை எங்கெங்கே நடக்கிறது என்று காட்டினார்கள். டென்மார்க் உதவியோடு நடந்த டேனிடா சுகாதாரத் திட்டத்தின் கீழ் 1990-களின் கடைசியில் தருமபுரி மாவட்டம் முழுக்கக் கலைப்பயணம் போனது. தெருக்கூத்து ஊறிய மண் இது. பெண் குழந்தைக்காக வீதி நாடகம் போட்டபோது ஜனம் உட்கார்ந்து பார்த்தது. நாடகம் போட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எந்த ஊரில் போட வேண்டும் என்று காட்டியது நர்சம்மாவின் நோட்டு.

இப்படி வாசல் வாசலாக நடந்த பெண்களின் இன்னொரு கதையும் இந்தப் பக்கத்திலேயே உண்டு. சிங்காரப்பேட்டையிலிருந்து ஊத்தங்கரை வந்து, அரூர் பஸ் பிடித்து, கோட்டப்பட்டி வழியாகப் போனால் சிட்லிங்கி. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடிகளும் லம்பாடிகளும் வாழ்கிற இடம். கேரளத்தில் படித்து, காந்திகிராமத்தில் வேலை பார்த்த ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற டாக்டர் தம்பதி 1993-ல் இங்கே வந்தார்கள். அப்போது இங்கே பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்தன. முதல் ஆஸ்பத்திரி கூரைக் குடிசை. ஆபரேஷனுக்கு 100 வாட் பல்பு. இந்தக் கதை பத்திரிகைகளில் பலமுறை வந்தாயிற்று, எல்லாவற்றிலும் குடிசையும் பல்பும் இருக்கும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அதிகம் படிக்காத பழங்குடிப் பெண்களை அழைத்து நர்ஸ் வேலைக்குப் பழக்கினார்கள். ஒவ்வொரு ஊரிலும் மூத்த பெண்களுக்கு, கர்ப்பிணியை எப்படிப் பார்ப்பது, பேதியான குழந்தைக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர் எப்படிக் கலப்பது, எதற்கு வீட்டில் வைத்தியம், எதற்கு உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பச்சைக் குழந்தை செத்துப்போவது பெரும்பாலும் பெரிய வியாதியால் இல்லை. பேதி, சளி, பிரசவ நேரத்துச் சுத்தக்குறைவு போதும். வாசலுக்கு வாசல் சொல்ல ஆள் இருந்தால் தடுத்துவிடலாம். 147 என்ற எண் 20-ஐ ஒட்டி இறங்கியது இப்படித்தான்.

மகாராஷ்டிரத்து ஜாம்கேடில் ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே தம்பதி 1970-களிலேயே இதைச் செய்து காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களே அங்கே ஊர் சுகாதாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். 1979-ல் ஆரோலே தம்பதிக்கு மகசேசே விருது கிடைத்தது. தகுதியான விருது. ஆனால் அந்த வேலையைத் தெருவில் செய்த பெண்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

விருதே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நர்சுகளுக்கு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் தேசிய விருது 1973 முதல் இருக்கிறது. குடியரசுத் தலைவர் கொடுப்பது. நர்சம்மாக்களுக்கும் அதில் இடமுண்டு. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ‘ஆஷா’ பணியாளர்களுக்கு ஒட்டுமொத்தமாக ஒரு விருது கொடுத்தது. சுமார் பத்து லட்சம் பெண்களுக்குச் சேர்த்து ஒரே விருது. சந்தோஷம்தான். அதற்குப் பிறகும் பல மாநிலங்களில் அவர்கள் ஊதியம் கேட்டு வீதிக்கு வர வேண்டியிருந்தது.

கௌரவம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு நிதியுதவித் திட்டம். அவர் பிறந்த ஜூலை 30-ம் தேதியை அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறார்கள், கேக் வெட்டுகிறார்கள். அதைவிட உசத்தி, 1987-ல் 300 ரூபாயில் தொடங்கி, 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாயாக வளர்ந்த அந்தப் பணம். அவர் யாரென்று தெரியாத கர்ப்பிணியின் கைக்கும் அவர் பெயரில் பணம் போகிறது. சிலை வைத்திருந்தால் காக்காய்தான் உட்கார்ந்திருக்கும்.

தெருவில் நடக்கிறவர்களுக்கும் அப்படி உருப்படியாக ஏதாவது செய்யலாம். குடியரசு தினத்தன்றும் சுதந்திர தினத்தன்றும் மாவட்டத் தலைநகரில் மைதானத்தில் நற்சான்றிதழ் தருகிறார்கள். வெயிலில் நின்று வாங்கி, பீரோவில் வைத்துவிட்டு மறுநாள் அதே பையைத் தூக்க வேண்டியதுதான். தன்னார்வலர்களோடு பேசிப் பார்த்தால் அவர்கள் கேட்பது சின்னச் சின்ன விஷயங்கள். தேதி தவறாமல் பணம் வர வேண்டும். சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப் தீர்வதற்கு முன் அடுத்தது வர வேண்டும். மலையடிவாரக் குடியிருப்புகளுக்குப் போய்வர பஸ் காசு வேண்டும். அவர்கள் குறித்துக் கொடுத்ததை ஆஸ்பத்திரியில் ஒருவர் எடுத்துப் படிக்க வேண்டும். கடைசியில் சொன்னதற்குச் செலவே கிடையாது.

நான் சேர்த்துக் கேட்பது ஒன்று. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவை அதில் வாசிக்கிறார்கள். தெருவிளக்கு எத்தனை, மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு என்று ஊரே கேள்வி கேட்கிறது. அந்தக் கணக்கோடு இதையும் வாசிக்கட்டும்: நம் ஊரில் பிரஷர் மாத்திரை போட வேண்டியவர்கள் எத்தனை பேர், கட்டுக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர், போன கூட்டத்தைவிடக் கூடியதா குறைந்ததா. ஆட்களின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். வாசிக்க வேண்டியது ஊராட்சிச் செயலர் இல்லை, அந்த எண்ணை வீடு வீடாகப் போய் எழுதியவர். கூடவே, அவருடைய ஊக்கத்தொகை எந்தத் தேதியில் வங்கிக் கணக்கில் ஏறியது என்பதையும் அவரே வாசிக்கட்டும்.

(அடுத்த வாரம்: பல்லில் கறை, எலும்பில் வளைவு – ஃபுளோரைடு தண்ணீரும் ஒகேனக்கல் குழாயும்)