பூச்சியா, பழ நாரா?

குழந்தையின் மலத்தில் கறுத்த, நூல் போன்ற இழைகளைக் கண்டதும், "வயிற்றில் பூச்சி" என்று முடிவு கட்டி மருந்து புகட்டும் வழக்கம் நம் அங்கத்தினர் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. ஆயின் அவ்விழைகளுள் பல பூச்சிகளல்ல. உண்ட உணவின் மிச்சமே.

வாழைப்பழத்தின் நடுவிலுள்ள நார் செரியாமல் வெளிப்படுங்கால் கறுநூல் துண்டுகளாய்த் தோன்றும். பயற்று முளையும், சுருண்ட தக்காளித் தோலும் இவ்வாறே ஏமாற்றும். தாவர நாரை மனிதக் குடல் செரிக்க இயலாமையே இதற்குக் காரணம்.

வெறுங்கண் மட்டுமன்று, நுண்ணோக்கியும் ஏமாற்றக்கூடும். உணவோடு சென்ற மகரந்தத் தூள் உருண்டைப் புழுவின் முட்டையை ஒத்திருக்கும். செடிகளின் நுண்மயிர் இளம் புழுவை ஒத்திருக்கும். தேர்ந்த பரிசோதகர் அளவையும் உள்ளமைப்பையும் நோக்குவர். கருவுற்ற உருண்டைப் புழு முட்டையின் நீளம் 45 முதல் 75 மைக்ரான். மகரந்தத்தின் அளவோ செடிக்குச் செடி வேறுபடும். இளம் புழுவினுள் உணவுக்குழல் தெரியும். செடிமயிரில் அது இராது.

வீட்டில் அறியத்தக்க குறிகளும் உள. கீரிப்பூச்சி வெண்ணிறமானது, பெண் பூச்சி ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நீளமுடையது, இரவில் ஆசனவாயில் அரிப்பை உண்டாக்கும். உருண்டைப் புழு 15 முதல் 35 சென்டிமீட்டர் வரை வளரும். பழ நாரோ அசையாது. பழத்தைச் சில நாள் நிறுத்தினால் தானே மறையும்.

இதனால் எல்லாவற்றையும் நாரென்று அலட்சியம் செய்தலும் தகாது. கொக்கிப்புழு மலத்தில் கண்ணுக்குத் தென்படுவது அரிது. அதன் இளம் புழு, வெறுங்காலுடன் வயலில் உழைப்போரின் பாதத்தோலைத் துளைத்து உட்புகும்; வளர்ந்தபின் குடலில் இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை விளைக்கும். கண்ட இழைக்கு அஞ்சி மருந்துண்டு, காணாத புழுவை மறந்துவிடுதல் பெருங்கேடு.

ஆகவே, ஐயம் எழுந்தால் கண்ட பொருளைச் சுத்தமான சீசாவில் இட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுக. முந்திய நாள் உண்டவற்றையும் மருத்துவரிடம் மறவாது கூறுக. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் குழந்தைகளுக்கு வழங்கப்படும் மாத்திரை நோய்க்குறி தோன்றுமுன்னரே தருவது; அதனை மறுத்தல் வேண்டா.

நூலின் நம்பரைக் கண்பார்வையால் தீர்மானியாது, நீளமும் நிறையும் கொண்டு தீர்மானிப்பது நம் நெசவாளர் முறை. உடல்நலத்திலும் அம்முறையையே கைக்கொள்வோமாக.