பெரியப்பாவுக்கு ஓர் அமைதியான அறை

“அக்காவை ஹோட்டல்ல தங்க வச்சேன்னு ஊர்ல தெரிஞ்சா என்னடா நினைப்பாங்க?”

சென்ற ஆண்டு மே மாதம் அம்மா இதை ஒரு நாளைக்கு மூன்று முறையாவது கேட்டார். தேவகோட்டையிலிருந்து அவருடைய அக்காவும் அத்தானும், அதாவது என் பெரியம்மாவும் பெரியப்பாவும், ஆறு நாள் பயணமாக வரவிருந்தார்கள். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அக்காவும் தங்கையும் சந்திக்கப் போகிறார்கள். பயணச்சீட்டு வாங்கியாகிவிட்டது. அதன் பிறகுதான் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். இல்ல மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் எங்கள் வரிசை வீடுகளில் கழிவறைகளை உடைத்துப் புதுப்பிக்கும் வேலை, சரியாக அவர்கள் வரும் வாரத்தில் தொடங்குகிறது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ பத்து நாள்.

பிடோக் நார்த்தில் எங்களுடையது மூவறை வீடு. நான், மனைவி, மகன், அம்மா. இட நெருக்கடியைச் சமாளித்துவிடலாம், பாய் விரித்தால் போதும். ஆனால், பெரியப்பாவுக்கு 74 வயது. இதயச் சிகிச்சைக்குப் பிறகு நீர் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இரவில் நான்கு முறையாவது எழுந்திருப்பார். அதற்குப் பிறகு தூக்கம் வருவதே சிரமம். கழிவறை இல்லாத வீட்டில், பகல் முழுவதும் துளையிடும் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அவரை எப்படி வைத்திருப்பது?

ஆகவே ஹோட்டல்தான் என்று முடிவானது. அமைதியாக இருக்க வேண்டும், குளிர்ச்சியாக இருக்க வேண்டும், இரண்டு அடியில் கழிவறை இருக்க வேண்டும். “இவ்வளவுதானே, ஒரு மணி நேரத்தில் தேடி முடித்துவிடலாம்” என்றேன் மனைவியிடம். இரண்டு வாரம் ஆனது.

கடைவீட்டின் கதை

பிடோக்கிற்குப் பக்கத்திலேயே காத்தோங் வட்டாரத்தில் நல்ல ஹோட்டல்கள் இருக்கின்றன. அம்மாவின் விருப்பமும் அதுதான். ஆனால், நாங்கள் வேலைக்குப் போய்விட்டால் பெரியவர்கள் இருவரும் தாங்களாகவே கீழே இறங்கி இட்லி சாப்பிட வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும், தமிழில் வழி கேட்க வேண்டும். அதற்குத் தேக்காவை விட்டால் வேறு இடம் இல்லை.

லிட்டில் இந்தியாவில் ஹோட்டல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், அவற்றில் பல ஏன் அப்படி இருக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள, கட்டடத்தின் கதை தெரிய வேண்டும். 1989ல் இந்த வட்டாரம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதனால் பழைய கடைவீடுகளை இடிக்க முடியாது. உள்ளே மாற்றியமைத்துச் சிறிய ஹோட்டல்களாக நடத்துகிறார்கள். கடைவீடு என்பது முகப்பில் குறுகி, உள்ளே நீண்டு போகும் கட்டடம். இரு பக்கமும் அடுத்த கடைவீட்டோடு ஒட்டிய சுவர். அந்தக் காலத்தில் நடுவே திறந்த முற்றம் விட்டு, கூரையை உயர்த்தி, காற்று மேலே போக வழி செய்தார்கள். முன்னால் வெயிலும் மழையும் படாத ஐந்தடி நடைபாதை. அந்த நடைபாதைக்கான விதி ராஃபிள்சின் 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்திலேயே உண்டு.

அதே நீளமான கட்டடத்தை இன்று சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்தால் என்ன ஆகும்? முன் அறைகளுக்குத் தெருச் சத்தம். பின் அறைகளுக்குச் சந்தில் ஓடும் உணவகப் புகைபோக்கிகளின் சத்தம். நடு அறைகளுக்குச் சன்னலே கிடையாது. முன்பதிவுப் பக்கத்தில் ‘சாளரம் இல்லாத அறை’ என்று சிறிய எழுத்தில் போட்டு, விலையைக் குறைத்திருப்பார்கள். படத்தைப் பார்த்தால் மட்டும் எல்லா அறைகளும் ஒன்றுபோலவே தெரியும்.

அரை நிமிட மௌனம்

நான் வானொலிப் படைப்பாளன். ஊடகப் படிப்பின் முதல் ஆண்டில் எங்களுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். வெளியிடத்தில் நேர்காணல் முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் மௌனத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒலித்தொகுப்பின்போது வெட்டிய இடங்களை ஒட்டவைக்க அது தேவைப்படும். அந்தப் பதிவைக் கேட்டால்தான் தெரியும், மௌனம் என்று நாம் நினைப்பதில் எத்தனை சத்தங்கள் இருக்கின்றன என்று.

அதையே ஹோட்டலுக்கும் செய்து பார்த்தால் என்ன? ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் தேக்காவில் இறங்கினேன். பகலில் போய் அறை பார்ப்பதில் பயனில்லை. பெரியப்பா தூங்கப் போவது இரவில். நான்கு ஹோட்டல்களுக்குப் போய், “காலியான அறை இருந்தால் காட்டுவீர்களா? ஒரு நிமிடம் உள்ளே நிற்க வேண்டும்” என்று கேட்டேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. ஒரு வரவேற்பாளர் மட்டும் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, “சார், சாமி கும்பிடுறீங்களா?” என்றார்.

முதல் அறை அழகு. பழைய மரச் சன்னல், வண்ண ஓடுகள். ஆனால், கீழே மோட்டார் சைக்கிள் போனால் கட்டிலுக்கு அடியில் போவதுபோல் இருந்தது. இரண்டாவது, சன்னல் இல்லாத அறை. உண்மையாகவே அமைதி. ஆனால், ஈர வாடை. விளக்கை அணைத்ததும் கை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. இரவில் நான்கு முறை எழுந்திருக்கும் முதியவர், விடிந்ததா இல்லையா என்று தெரியாமல் எப்படிப் படுத்திருப்பார்? மூன்றாவது அறையில் கதவுக்கு அந்தப் பக்கமே மின்தூக்கி. ஒவ்வொரு முறையும் ‘டிங்’.

நான்காவது, கடைவீடு அல்ல. பின்னாளில் கட்டிய கட்டடம். அங்கும் வரவேற்பாளர் முதலில் காட்டிய அறை சாலையைப் பார்த்தே இருந்தது. “பக்கவாட்டில் ஏதாவது?” என்று கேட்டேன். தாழ்வாரத்தின் கடைசி அறையைத் திறந்தார். சன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் வெறும் சுவரும் ஒரு துண்டு வானமும் மட்டுமே. கண்ணை மூடினேன். குளிரூட்டியின் சீரான ஓசை, எங்கோ தூரத்தில் ஒரு பேருந்து. அவ்வளவுதான். காட்சி இல்லாத அறை என்பதால் அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை.

அன்று புரிந்துகொண்டது இதுதான்: அமைதி ஹோட்டலின் நட்சத்திரத்தில் இல்லை, அது அறையைப் பொறுத்தது. ஒரே ஹோட்டலில் ஓர் அறையில் நன்றாகத் தூங்கலாம், எதிர் அறையில் விழித்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா நிரம்பி வழியும். அது வாரம் முழுவதும் உழைக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் நண்பர்களைப் பார்க்கும் ஒரே நாள். அந்த ஆரவாரத்தைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. அறையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது நம் வேலை.

பெரியம்மாவும் ‘ஏசி’யும்

அவர்கள் வந்த முதல் இரவு, ஒரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. பெரியம்மா.

“தம்பி, தூங்கிட்டியா? இங்க புழுங்குதுப்பா. பெரியப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுது.”

“ஏர்கான் ஓடலையா பெரியம்மா?”

“நான்தான் நிறுத்திட்டேன். ஏசி எனக்கு ஒத்துக்காது. காலு மரத்துப் போகுது.”

குளிரூட்டி உள்ள அறையைத் தேடி இரண்டு வாரம் அலைந்த எனக்கு, அதை நிறுத்திவிடுவார்கள் என்று தோன்றவே இல்லை. தேவகோட்டையில் மே மாத வெயில் நம்மைவிடக் கடுமை. ஆனால், அங்கே தடித்த சுவர், திறந்த முற்றம், இரவில் திண்ணைக் காற்று. சிங்கப்பூரின் வெப்பம் வேறு விதம். 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் பதிவான 37 பாகைதான் இங்கு உச்சம்; 1983லும் அதே அளவு பதிவானது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அது பெரிய எண்ணே அல்ல. இங்கே வாட்டுவது ஈரப்பதம். விடியற்காலையில் அது 90 விழுக்காட்டைத் தாண்டும். வேர்வை காயாது. திறக்க முடியாத சன்னல் உள்ள அறையில் குளிரூட்டியையும் நிறுத்திவிட்டால் பாத்திரத்தை மூடிவைத்ததுபோல்தான்.

குளிரூட்டியின் பிறப்பே ஈரத்தை அடக்கத்தான். 1902ல் நியூயார்க்கின் புருக்லின் பகுதியில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் நெளிந்து வண்ணங்கள் இடம் மாறின. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்ததே நவீனக் குளிரூட்டியின் தொடக்கம். நம் நாட்டிலோ, பிரதமரானதும் முதல் வேலையாக அரசாங்க ஊழியர்கள் பணிபுரிந்த கட்டடங்களில் குளிரூட்டி பொருத்தியதாகத் திரு லீ குவான் இயூ ஒரு நேர்காணலில் கூறியிருக்கிறார்.

இந்த வரலாற்றையெல்லாம் இரவு ஒரு மணிக்குப் பெரியம்மாவிடம் சொல்ல முடியுமா? “26ல் வைங்க, காத்து கால்மேல படாம மேல பார்த்துத் திருப்பி விடுங்க” என்று மட்டும் சொன்னேன். மறுநாள் வேலை முடிந்ததும் வீட்டிலிருந்த மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு பிடோக் நார்த் நிலையத்தில் ரயில் ஏறினேன். ஜாலான் புசார் ஏழாவது நிலையம். பெட்டியில் எல்லாரும் என்னையும் விசிறியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். குளிரூட்டி 26 பாகை, விசிறி மெதுவாக, பெரியம்மாவுக்கு ஒரு சால்வை. அன்று இரவு தொலைபேசி அடிக்கவில்லை.

முன்பதிவுக்கு முன் கேளுங்கள்

ஜூன் விடுமுறையில் உறவினர்களை எதிர்பார்ப்பவர்களுக்கு, நான் பட்டு அறிந்த சில செய்திகள்.

முதலில், சன்னல் உண்டா, அது எதைப் பார்த்து இருக்கிறது, மின்தூக்கியிலிருந்து எவ்வளவு தூரம் என்று தொலைபேசியில் கேளுங்கள். “முதியவர்கள் தங்கப் போகிறார்கள், அமைதியான அறை வேண்டும்” என்று முன்பதிவுக் குறிப்பிலும் எழுதுங்கள். வெப்பநிலையை அறையிலேயே மாற்ற முடியுமா என்பதும் முக்கியம். சில கட்டடங்களில் அது மையக் கட்டுப்பாட்டில் இருக்கும்.

அடுத்து, விலை. வரி சேர்க்காத கட்டணத்தோடு 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதன்மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேரும். 100 வெள்ளி என்று பார்ப்பது 119 வெள்ளி 90 காசாகும். இரவு விமானத்தில் ஏறினால் காலையில் வந்து சேர்வார்கள். அறையோ பெரும்பாலும் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். முன்கூட்டியே அறை தர முடியுமா என்று கேட்டு வையுங்கள்.

கடைசியாக, “ஒரு வாரத்துக்கு வீட்டில் அறை தருகிறோம், ஹோட்டலைவிட மலிவு” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீவக வீடுகளைச் சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விட அனுமதி இல்லை. குறைந்தபட்ச வாடகைக் காலம் ஆறு மாதம். தனியார் வீடுகளுக்கு மூன்று மாதம். பயணத்தின் நடுவே வெளியேற நேர்ந்தால் பெரியவர்கள் எங்கே போவார்கள்?

மூன்றாம் இரவு

பெரியப்பாவின் தாத்தா சிங்கப்பூருக்கு வந்து போனவர். செட்டித் தெரு என்று நம்மவர்கள் அழைத்த மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு கிட்டங்கியில் சமையல் வேலை. பகலில் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் பாய் விரித்து வரிசையாகப் படுப்பார்களாம். அந்தக் கட்டடங்கள் 1970களில் மறைந்துவிட்டன. இப்போது அங்கே வானுயர்ந்த அலுவலகங்கள். அந்தத் தெருவைக் காட்டினோம். பெரியப்பா சற்று நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “தாத்தா ஏசி இல்லாமத்தான் தூங்கியிருக்காரு” என்றார். பெரியம்மா, “நானும் அதைத்தானே சொன்னேன்” என்றார்.

அம்மாவின் மனக்குறை மட்டும் தீரவில்லை. தினமும் சமைத்து எடுத்துக்கொண்டு போனார். இரவு திரும்பி வரும்போது முகம் வாடியிருந்தது. மூன்றாம் நாள் மாலை பார்த்தால் ஒரு துணிப்பையோடு கதவருகே நிற்கிறார்.

“அக்கா இங்க வர முடியலைன்னா, நான் அங்க போறேன்.”

ஹோட்டலில் பேசி, கூடுதல் கட்டணம் கட்டி, ஒரு கட்டில் போடச் சொன்னேன். மீதி இரவெல்லாம் அம்மா அங்கேதான். இந்த யோசனை எனக்கு முதல் நாளே வந்திருக்க வேண்டும். விருந்தாளி நம் வீட்டில் தங்க முடியாதபோது, வீட்டிலிருந்து ஒருவர் அவரோடு போய்த் தங்கலாம். அதை எந்த முன்பதிவுப் பக்கமும் சொல்லித்தரவில்லை.

ஊருக்குப் புறப்பட்ட அன்று சாங்கி விமான நிலையத்தில் பெரியப்பாவிடம் கேட்டேன், “அறை எப்படி இருந்தது பெரியப்பா? அமைதியா இருந்துச்சா?”

அவர் இரண்டு பெண்களையும் ஒரு பார்வை பார்த்தார்.

“ரூமு நல்ல அமைதிதான் தம்பி. இவங்க ரெண்டு பேரும்தான் விடிய விடியப் பேசினாங்க.”